வாக்கு யாருடையது?
கால்வினோவின் குறுநாவல் ஒன்றை முன்வைத்துச் சில சிந்தனைகள்

தேர்தல் நெருங்கும் நாள்களில் ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நிற்போரிடையே ஒரு கேள்வி தவறாமல் எழும்: "சாமி என்ன சொல்றாரு? இந்தத் தடவை யாருக்கு?" கேட்பவர் வேடிக்கையாகக் கேட்கலாம், உண்மையாகவே வழி தெரியாமலும் கேட்கலாம். எப்படிக் கேட்டாலும் அந்தக் கேள்விக்குள் ஓர் எண்ணம் மறைந்திருக்கிறது: வாக்கு என்பது நம் கையில் கொடுக்கப்பட்டிருந்தாலும், அதை எங்கே இடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு வேறு எவருடையதோ என்னும் எண்ணம். ஒருவருடைய அரசியல் நம்பிக்கை அவருக்குள் எப்படி உருவாகிறது, அது ஏன் அவருடைய வாக்கைத் தீர்மானிக்க வேண்டும், அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் உரைகல் எது என்பனவற்றை நாம் அரிதாகவே பேசுகிறோம்.

இக்கேள்விகளை ஒரே நாளின் கதைக்குள் அடக்கிப் பேசும் குறுநாவல் ஒன்றை அண்மையில் மீண்டும் படித்தேன். இத்தாலிய எழுத்தாளர் இத்தாலோ கால்வினோ 1963இல் வெளியிட்ட அந்நூலின் தலைப்பை 'தேர்தல் கண்காணிப்பாளர் ஒருவரின் ஒரு நாள்' எனத் தமிழில் கூறலாம். வில்லியம் வீவரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'தி வாச்சர்' என்னும் பெயரில் 1971இல் வந்தது. அளவில் சிறிய நூல். இறைநம்பிக்கையற்ற ஒருவர் எழுதியது. திருச்சபையின் நிறுவனம் ஒன்றைக் குறைகூறும் நோக்கோடு தொடங்குவது. ஆயினும் கத்தோலிக்கப் பொதுநிலையினராகிய நாம் படிக்க வேண்டிய நூல் என்று துணிந்து சொல்வேன். ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த நாளின் பின்னணி

கதை நிகழும் நாள் 1953 ஜூன் 7. இத்தாலியில் நாடாளுமன்றத் தேர்தல். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1948 ஏப்ரலில் நடந்த தேர்தலில் கிறிஸ்தவ சனநாயகக் கட்சி பெருவெற்றி பெற்றிருந்தது. பங்குகள்தோறும் அமைக்கப்பட்ட குடிமைக் குழுக்கள் அவ்வெற்றிக்காக வீடுவீடாகச் சென்று உழைத்தன. 1949 ஜூலையில் உரோமையின் புனித அலுவலகம் ஓர் ஆணை வெளியிட்டது. பொதுவுடைமைக் கட்சியில் சேர்வோருக்கும் அதற்கு ஆதரவளிப்போருக்கும் அருள்சாதனங்கள் மறுக்கப்படும் என்றும், அதன் பொருள்முதல்வாதக் கோட்பாட்டை ஏற்று அறிக்கையிடுவோர் திருச்சபையினின்று விலக்கப்பட்டவராவர் என்றும் அது அறிவித்தது. எனவே ஓர் இத்தாலியக் கத்தோலிக்கருக்கு அந்நாள்களில் வாக்குச்சீட்டு பாவசங்கீர்த்தனத்தோடு தொடர்புடைய பொருளாகிவிட்டது.

இதில் வரலாற்று முரண் ஒன்றும் உண்டு. திருத்தந்தையின் ஆட்சிப் பகுதிகளை இத்தாலிய அரசு கைப்பற்றிய காலத்தில், நாட்டுத் தேர்தல்களில் பங்குகொள்வது முறையன்று என்று இத்தாலியக் கத்தோலிக்கருக்குச் சொல்லப்பட்டிருந்தது. 1905இல் தளர்த்தப்பட்ட அந்தத் தடை, 1919இல்தான் முற்றிலும் நீங்கியது. வாக்களிக்காதே என்று கேட்டு வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகள், இன்னாருக்கே வாக்களி என்று கேட்டு வளர்ந்தார்கள். நீயே ஆய்ந்து முடிவு செய் என்னும் சொல் இவ்விரண்டுக்கும் நடுவே அழுத்தமாக ஒலிக்கவில்லை.

1953ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு இன்னொரு சிறப்பும் இருந்தது. பாதிக்கு மேல் வாக்குப் பெறும் கூட்டணிக்குக் கீழவையில் 65 விழுக்காடு இடங்களை வழங்கும் புதிய சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. எதிர்க்கட்சிகள் அதை 'மோசடிச் சட்டம்' என்றே அழைத்தன. அத்தகைய தேர்தலில் ஒவ்வொரு வாக்குக்கும் தனி மதிப்பு. ஒவ்வொரு வாக்கும் யார் கையால், யார் விருப்பத்தால் இடப்படுகிறது என்பதும் பெரும் வழக்காகிவிடுகிறது.

கதை நிகழும் இடம் தூரின் நகரிலுள்ள கொத்தொலெங்கோ. புனித யோசேப்பு பெனடிக்ட் கொத்தொலெங்கோ 1832இல் நிறுவிய 'இறைப்பராமரிப்பின் சிறிய இல்லம்' அது. பெயரில்தான் சிறியது, உண்மையில் ஒரு நகர்ப்பகுதி அளவுக்கு விரிந்தது. வேறு எவரும் ஏற்க மறுத்த நோயாளிகளையும், உடல்குறையும் மனக்குறையும் உடையோரையும் ஏற்று வாழவைத்த இல்லம். அதை நிறுவியவர் 1934இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இவ்வளவு பெரிய இல்லத்திற்குள் வாக்குச்சாவடிகளும் அமைக்கப்பட்டன. தம் பெயரையே சொல்ல இயலாதவர்களும் அங்கு வாக்காளர்களாயினர். அவர்கள் வாக்குகள் பெரும்பாலும் ஒரே கட்சிக்குச் சென்றன. வாக்குச்சீட்டைத் தின்றுவிட்ட வாக்காளர் ஒருவரைப் பற்றியெல்லாம் வெளியே கதைகள் உலவின.

கால்வினோ இதைக் கேள்விப்பட்டு மட்டும் எழுதவில்லை. 1953இல் பொதுவுடைமைக் கட்சியின் வேட்பாளராக அவர் அந்த வாக்குச்சாவடியைச் சிறிது நேரம் பார்த்தார். 1961இல் அங்கேயே இரண்டு நாள்கள் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். இவ்விரண்டுக்கும் இடையில், 1956இல் அங்கேரி நசுக்கப்பட்டதைக் கண்டபின், 1957இல் கட்சியை விட்டு விலகினார். ஆகவே நூலை எழுதியவர் தாம் நம்பிய ஒன்று தம் கண்முன்னே பொய்த்ததைக் கண்டவர். நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்தத் தயக்கம் தெரிகிறது.

நம்பிக்கை காட்டுவதும் மறைப்பதும்

கதைத்தலைவன் அமெரிகோ ஓர்மேயா பொதுவுடைமைக் கட்சியின் சார்பில் அங்கு அனுப்பப்படுகிறான். மழை பெய்யும் விடியற்காலையில் அவன் வீட்டை விட்டுப் புறப்படும்போதே அவனுக்குத் தன் கடமை தெளிவாகத் தெரியும்: தன்னறிவில்லாதோரின் பெயரால் பிறர் வாக்களிப்பதைத் தடுக்க வேண்டும். அவனுடைய நம்பிக்கை அவனுக்கு ஒரு பார்வையைத் தந்திருக்கிறது. அந்தப் பார்வை உண்மையையே காட்டுகிறது. நோயாளியின் கையைப் பிடித்து வேறொருவர் கோடிடுவது வாக்கன்று. இதை அறிய ஒருவர் பொதுவுடைமையராக இருக்க வேண்டியதில்லை. நேர்மை இருந்தால் போதும்.

ஆனால் கால்வினோ அங்கே நின்றுவிடவில்லை. நம்பிக்கை ஒன்றைக் காட்டும்போது வேறொன்றை மறைத்துவிடுகிறது என்பதையும் அவர் அமெரிகோவின் வழியாகவே காண்கிறார். அவன் பார்வையில் முதலில் அந்த இல்லம் வாக்குகள் விளையும் வயல். அருட்சகோதரியர் அவ்வயலின் காவலர்கள். நோயாளிகள் வெறும் எண்ணிக்கை. எதிர்க்கட்சி அவர்களை வாக்குகளாக எண்ணுகிறது என்று குற்றஞ்சாட்டும் இவனும், அவர்களைச் செல்லாத வாக்குகளாகத்தான் எண்ணுகிறான். இரு தரப்பும் மனிதரைக் காணவில்லை.

நண்பகலில் அவன் வீடு திரும்புகிறான். காதலி தொலைபேசியில், தான் கருவுற்றிருக்கக்கூடும் என்கிறாள். மனித குலத்தின் எதிர்காலத்தைப் பற்றிக் காலையெல்லாம் சிந்தித்தவன், தன் வீட்டுக்கு வரப்போகும் ஓர் உயிரைக் கேட்டுப் பதறுகிறான். பலருக்கு இப்பகுதி கதைக்குப் புறம்பானதாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொதுமேடையில் நாம் அறிக்கையிடும் கொள்கைக்கும், நம் வீட்டுக் கூடத்தில் நாம் வாழும் கொள்கைக்கும் உள்ள இடைவெளியை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிவிட்டார் ஆசிரியர்.

மாலையில், படுக்கையிலிருக்கும் நோயாளிகளின் வாக்குகளைப் பெற அலுவலர்கள் நோயறைகளுக்குள் செல்கிறார்கள். தன் விருப்பத்தை எவ்வகையிலும் தெரிவிக்க இயலாத ஒருவரின் வாக்கைப் பெற முயலும்போது அமெரிகோ குறுக்கிட்டு மறுக்கிறான். அந்த எதிர்ப்பில் அவன் சரியான பக்கத்தில் நிற்கிறான். ஆனால் அந்த அறையிலேயே அவன் காணும் மற்றொரு காட்சிதான் நூலின் உயிர். ஓர் உழவர் தம் மகனைக் காண வந்திருக்கிறார். மகனோ பேச்சற்றவன், அறிவு வளராதவன். தந்தை வாதுமைக் கொட்டைகளை உடைத்து ஒவ்வொன்றாகக் கொடுக்கிறார், மகன் மெல்லுகிறான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதுவே நிகழ்ச்சி.

அமெரிகோ அவர்களை நோக்கி நிற்கிறான். அவனுடைய கட்சியின் கோட்பாட்டில் இந்தத் தந்தைக்கும் மகனுக்கும் இடமில்லை. மனிதரின் எல்லை எங்கே முடிகிறது என்று வரையறுக்க முயன்றவன், அன்பு எங்கெல்லாம் சென்று சேருகிறதோ அங்கெல்லாம் மனிதரின் எல்லையும் விரிகிறது என்று உணர்கிறான். இறைநம்பிக்கையற்ற ஒருவர், மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்துக்கு இவ்வளவு அருகில் வந்து நிற்பதை நாம் அடிக்கடி காண்பதில்லை.

நூலின் குறை

பாராட்டுவதோடு நின்றுவிட்டால் திறனாய்வாகாது. இந்நூலில் ஒரு குறை உண்டு, அது சிறியதன்று. அமெரிகோவின் மனத்திற்குள் ஓடும் நீண்ட விவாதங்களை நாம் பக்கம் பக்கமாகக் கேட்கிறோம். ஆனால் அந்த இல்லத்தில் வாழ்நாளைக் கழிக்கும் அருட்சகோதரியரின் மனத்திற்குள் ஒருமுறையும் நாம் செல்வதில்லை. அவர்களது அமைதியை ஆசிரியர் வியக்கிறார், மதிக்கிறார்; ஆனால் அவர்களும் சிந்திப்பவர்கள், அவர்களுக்கும் ஓர் அரசியல் நம்பிக்கையும் அதற்கான காரணங்களும் இருக்கும் என்பதை எண்ணிப்பார்க்கவில்லை. குருக்களோ பெரும்பாலும் கட்சி முகவர்களாகவே வந்து போகிறார்கள். ஐயம் கொள்ளும் உரிமை நம்பிக்கையற்றவனுக்கு மட்டுமே உரியது போலவும், நம்புகிறவர்கள் ஐயமின்றி நடமாடுபவர்கள் போலவும் ஒரு தோற்றம் எழுகிறது. அது உண்மையன்று என்பதை நம்மில் ஒவ்வொருவரும் அறிவோம்.

இந்தக் குறை எனக்கு உறைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆசிரியப் பணியில் இருந்தபோது ஒரு சட்டமன்றத் தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றினேன். அருகிலிருந்த முதியோர் இல்லத்திலிருந்து அருட்சகோதரி ஒருவர் மூன்று மூதாட்டியரை அழைத்துவந்தார். பார்வையற்றவருக்கும் உடல் தளர்ந்தவருக்கும் துணையாள் ஒருவர் உடன் செல்லலாம். ஆனால் ஒருவர் ஒரே நாளில் ஒரு வாக்காளருக்கு மேல் துணையாளாக இருத்தல் ஆகாது என்பது நம் தேர்தல் விதி. முதல் பாட்டிக்கு அவர் உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமிட்டு உடன் சென்றார். இரண்டாமவருக்கும் அவரே எழுந்தபோது நான் விதியை எடுத்துச் சொன்னேன்.

சகோதரியின் முகம் வாடியது. "சார், இந்தப் பாட்டிக்கு ராத்திரி எத்தனை மணிக்கு மூச்சு வாங்கும்னு எனக்குத் தெரியும். அந்த மெஷின்ல பேர் இருக்கிற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். அமெரிகோவின் எதிர்ப்பைப் போல என் விதியும் சரியானதே. ஆயினும் அவருக்குச் சொல்ல என்னிடம் விடையில்லை. அப்போது அந்த மூதாட்டி, "விடுங்கம்மா, நானே போறேன்" என்று சொல்லி, மேசையைப் பிடித்துக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னே சென்றார். வெகுநேரம் ஓசையில்லை. வரிசையில் நின்றோர் முணுமுணுத்தனர். பிறகு இயந்திரம் ஒலித்தது. தாம் எண்ணிய பொத்தானைத்தான் அவர் அழுத்தினாரா என்பது எனக்குத் தெரியாது. தெரியலாகாது என்பதே சட்டம்.

வெளியே வந்தவரின் கையைச் சகோதரி பற்றிக்கொண்டார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றுதான் கேட்டார். கால்வினோவின் நூலில் இல்லாத பக்கம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறருக்காகத் தாமே முடிவெடுக்கத் துணியும் அன்பும், முடிவெடுக்க விட்டுவிட்டுக் காத்துநிற்கும் அன்பும் ஒரே உள்ளத்தில் இருந்தன. முதலாவதைக் கடந்து இரண்டாவதை அடைய அந்தச் சகோதரிக்குச் சில நிமிடங்கள் ஆயின. திருச்சபைக்குச் சில பத்தாண்டுகள் ஆயின.

திருச்சபை கடந்து வந்த வழி

இந்நூல் வெளிவந்த அதே 1963இல்தான் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தவறான மெய்யியல் கோட்பாடு வேறு, அதனின்று பிறந்து காலப்போக்கில் மாறிவரும் மக்கள் இயக்கங்கள் வேறு என்று அம்மடல் பிரித்துக் காட்டியது. 1949இன் ஆணையைப் படித்துப் பழகியவர்களுக்கு அது புதிய குரலாக ஒலித்திருக்கும். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, பொதுநலனுக்காகத் தம் வாக்கைச் சுதந்திரமாகப் பயன்படுத்துவது குடிமக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்றது. திருச்சபை எந்த அரசியல் அமைப்போடும் பிணைக்கப்பட்டதன்று என்றும் தெளிவாக்கியது. ஒரே விசுவாசம் உடையவர்கள் வெவ்வேறு அரசியல் முடிவுகளுக்கு வரக்கூடும் என்பதை 1971இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஏற்றுக்கொண்டு எழுதினார். மனச்சான்றுகளை உருவாக்குவதே நம் பணி, அவற்றின் இடத்தில் நாம் அமர்ந்துகொள்வதன்று என்னும் கருத்தைக் குடும்ப வாழ்வு பற்றிய தம் 2016ஆம் ஆண்டு மடலில் திருத்தந்தை பிரான்சிஸ் வலியுறுத்தினார். அது வாக்குச்சாவடிக்கும் பொருந்தும்.

இந்தப் படிப்பினை நம் நாட்டுச் சட்டத்திலும் உள்ளது. கடவுளின் சினத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைத்து வாக்குக் கேட்பது, 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123ஆம் பிரிவின்படி முறைகேடான செயல். சமயத்தின் பெயரால் வாக்குக் கேட்பதும் அவ்வாறே. வேட்பாளரின் சமயத்தை மட்டுமன்றி வாக்காளரின் சமயத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பாக உறுதிசெய்தது.

அப்படியானால் சமய நம்பிக்கையை வாக்குச்சாவடியின் வாசலில் கழற்றி வைத்துவிட்டுச் செல்ல வேண்டுமா? அது இயலாது, தேவையுமில்லை. ஒருவர் எதை நம்புகிறாரோ அதுவே அவர் யாரைத் தம் அயலாராகக் காண்கிறார் என்பதை முடிவு செய்கிறது. யாரை அயலாராகக் காண்கிறாரோ அவர்களை மனத்தில் வைத்தே வாக்களிக்கிறார். கொள்கையில்லாமல் வாக்களிப்பதாகச் சொல்பவர், பெரும்பாலும் தம் சாதியையோ தம் வயலையோ தமக்குக் கிடைக்கும் சலுகையையோ கொள்கையாகக் கொண்டிருப்பவரே. ஆகவே நம்பிக்கை வாக்கை உருவாக்கலாமா என்று கேட்பதில் பொருளில்லை. அந்த நம்பிக்கை நம்முடையதா, இரவல் வாங்கியதா? நம் கண்முன் நிற்கும் மனிதரால் அது சோதிக்கப்பட்டதா, இல்லையா? இவையே நாம் கேட்க வேண்டியவை.

இரவல் நம்பிக்கை சரியானதாகவே இருக்கலாம். ஆனால் அது நோயாளியின் கையைப் பிடித்து இன்னொருவர் போட்ட கோடு. நம்முடைய நம்பிக்கையோ தவறாகவும் போகலாம். ஆனால் அது தன்னைத் திருத்திக்கொள்ளக் கற்றுக்கொள்ளும். அமெரிகோ தன் கட்சியை விட்டுவிடவில்லை. கொத்தொலெங்கோவின் சமயத்துக்கு மாறவும் இல்லை. வாதுமைக் கொட்டை உடைக்கும் தந்தையைக் கண்டபின், தன் கொள்கைக்குள் அந்தத் தந்தைக்கு இடம் தேடத் தொடங்குகிறான். நம்மிடமும் கேட்கப்படுவது அவ்வளவே. நான் ஆதரிக்கும் கட்சியின் கொள்கையில், அதனால் எந்தப் பயனும் பெற இயலாத மனிதருக்கு இடம் இருக்கிறதா? நான் எதிர்க்கும் கட்சிக்கு வாக்களிக்கும் என் அயல்வீட்டாரை இன்னும் அயலாராகக் காண்கிறேனா?

1953ஆம் ஆண்டுத் தேர்தலின் முடிவையும் சொல்லி நிறைவு செய்கிறேன். ஆளும் கூட்டணி 50 விழுக்காட்டை எட்டவில்லை. அறுபதாயிரத்துக்கும் குறைவான வாக்குகளால் அந்த வாய்ப்பு நழுவியது. அடுத்த ஆண்டே அச்சட்டம் நீக்கப்பட்டது. அந்தக் கட்சிகளுள் பலவற்றின் பெயர்கள் இன்று பெரும்பாலும் வரலாற்று நூல்களில்தான் உள்ளன. கொத்தொலெங்கோ இல்லம் மட்டும் இன்றும் நோயாளிகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை கோவில் வாசலில் எவரேனும் "சாமி என்ன சொல்றாரு?" என்று கேட்டால், நாம் அவரிடம் திருப்பிக் கேட்கலாம்: "நீங்க என்ன நினைக்கிறீங்க? ஏன்?"